ஜன்னல்காரியின் விலாசம்

சோப்பு டப்பாவைத் திறந்தால் உள்ளே சோப்பு இல்லை. யாரோ கசக்கி எறிந்த பொட்டலம் மாதிரி, கட்டைவிரல் நீளத்தில் பழுப்பாக ஏதோ கிடந்தது. நான் விரலை நீட்டினேன்.

“தொடாதீங்க! உள்ள தூங்கிட்டிருக்கு,” என்றார் டீச்சர்.

நீட்டிய விரலால் காதைச் சொறிந்துகொண்டேன்.

பள்ளிக்கூடத்தின் உயிரியல் ஆய்வுக்கூடம். மத்தியானம் ஒன்றரை மணி. மேசைக்கு அந்தப் பக்கம் டீச்சர். வயது நாற்பத்தைந்து இருக்கும், கண்ணில் இரண்டு நாள் தூக்கம் பாக்கி. இந்தப் பக்கம் என் அண்ணி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய்க் க்ளெய்ம்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, அலுத்துப்போய்ச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் ஆரம்பித்தவர். அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறான், வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில் இருப்பான். ஆகவே அண்ணிக்கு டிரைவர், குமாஸ்தா, உதவியாளர், திட்டு வாங்கும் ஆள் எல்லாமே கொழுந்தனாகிய நான்தான். இதற்கு முன் மூன்று வேலை பார்த்தேன். மூன்றும் என்னை விட்டுப் போய்விட்டன.

“ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க டீச்சர்,” என்றார் அண்ணி. “பூச்சி பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. தம்பிக்கு அதுகூடத் தெரியாது.”

“விளக்கைச் சுத்துமே, அந்துப்பூச்சி, அந்த ஜாதிதான். ஆனா ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து விரிச்ச அகலம். ஒவ்வொரு இறக்கையிலயும் கண்ணாடி வெச்ச மாதிரி ஒரு வட்டம் இருக்கும், அது வழியா அந்தப் பக்கம் தெரியும். அதனால என் பசங்க அதுக்கு ஜன்னல்காரின்னு பேர் வெச்சுட்டாங்க. புழுவா இருக்கிறப்ப தின்னதோட சரி. இறக்கை முளைச்சு வெளிய வந்தா அதுக்கு வாயே கிடையாது. ஒரு வாரம் பறக்கும், ஜோடி தேடும், முட்டை வைக்கும், முடிஞ்சு போயிடும்.”

“வாயே கிடையாதா?” என்றேன் நான்.

“கத்துக்கோ,” என்றார் அண்ணி.

டீச்சர் சிரிக்க முயன்று பாதியில் விட்டுவிட்டார். விஷயம் இதுதான். ஊருக்கு நடுவே பழைய ஓட்டு ஆலை ஒன்று மூடிக் கிடக்கிறது. மண் எடுத்த குழிகளில் ஈரம் தங்கி, மரங்கள் தானாக வளர்ந்து ஒரு குட்டிக் காடே ஆகிவிட்டது. அதை வெட்டிச் சமன் செய்து வண்டி நிறுத்துமிடம் கட்ட நகராட்சி முடிவெடுத்தது. டீச்சர் அங்கே சாயங்கால நேரத்தில் ஜன்னல்காரி பறந்ததை இரண்டு தடவை பார்த்திருக்கிறார். நகராட்சிக் குழுவிடம் போய்ச் சொன்னார். ‘பறக்கிறது எங்கிருந்து வேணும்னாலும் வந்திருக்கும். அது இங்கதான் குடியிருக்குன்னு காட்டணும்னா கூடு வேணும்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“மூணு மாசம் தேடினேன். எங்க வீட்டுக்காரர் ஏணியைப் பிடிச்சுக்குவார், நான் ஏறுவேன். குழிக்குள்ள பதினாலு மரம் நிக்குது. இலை பூனையோட காது மாதிரி இருக்கும், அடியில ரோமம் வேற இருக்கும். ஆலைல வேலை பாத்தவங்க பூனைக்காது மரம்னு சொல்லுவாங்க. இந்த வட்டாரத்துல வேற எங்கயும் அந்த மரம் இல்ல. நெட்டையா, வழவழன்னு இருக்கும். ஒவ்வொண்ணுலயும் ஏறி இறங்கினேன். ஒண்ணும் கிடைக்கல. பத்து நாளைக்கு முன்னாடி காலையில போனா, குழிக்கு ஓரமா நிக்கிற தூங்குமூஞ்சி மரத்துல, கைக்கு எட்டுற கிளையில, மூணு கூடு தொங்குது!”

சொல்லும்போதே அவர் முகம் ஒரு நொடி விளக்குப் போட்டதுபோல ஆனது. உடனே அணைந்தும் போனது.

“நேத்து வெளியூர்ல இருந்து பூச்சி நிபுணர் ஒருத்தர் வந்தார். ஒண்ணை வெட்டி எடுத்துப் பாத்தார். காம்புல நூல் சுத்தியிருந்துச்சு. தையல் நூல். எல்லார் முன்னாடியும், ‘தபால்ல வாங்கிக் கட்டித் தொங்க விட்டிருக்கீங்க. நாடக சாமான், நீங்களே ஞாபகார்த்தமா வெச்சுக்குங்க’ன்னு என் கையில குடுத்துட்டார். இன்னிக்கு நாலு மணிக்குக் குழு அங்கயே கூடுது. மோசடின்னு எழுதிட்டா நாளையில இருந்து வேலைக்கு வர வேணாம்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. இருபத்திரண்டு வருஷம் பிள்ளைங்களுக்கு ‘பார்த்ததை மட்டும் எழுது’ன்னு சொல்லிக் குடுத்தவ நான்.”

“நீங்க கட்டினீங்களா?” என்றார் அண்ணி, மணி என்ன என்று கேட்கிற குரலில்.

“இல்ல.”

அண்ணி ஐந்து நொடி அவரையே பார்த்தார். இருபது வருஷம் பொய் கேட்ட காது அது. “சரி,” என்று தலையாட்டினார். கேஸ் எடுத்துக்கொண்டாகிவிட்டது என்று அர்த்தம்.

“இலையைப் பாருங்க,” என்றார் டீச்சர். “புழு ஒரு இலைக்குள்ள தன்னைச் சுருட்டிக்கிட்டு அதுக்குள்ளதான் கூடு கட்டும். தூங்குமூஞ்சி மரத்து இலை நகம் அளவுதான் இருக்கும். இது பெரிய இலை. காஞ்சு நொறுங்கி ஒட்டிக் கிடக்கிறதால என்ன இலைன்னே தெரியல. எனக்கே இடிக்குது. பொய் சொல்லி என்ன பிரயோஜனம்?”

இடுக்கியால் மேல் இலையில் ஒரு பட்டையை மெதுவாக உரித்து, காம்புச் சுற்றைக் கலைக்காமல் நூல் நுனியில் ஒரு துண்டையும் வெட்டி, ஒரு தாளில் வைத்துக் கொடுத்தார். கூட்டைத் திரும்ப டப்பாவில் பஞ்சு மேல் படுக்க வைத்தார். அந்த டப்பாவையும் அண்ணி கேட்டு வாங்கிக்கொண்டார். “எனக்கு மூணு மணி வரைக்கும் க்ளாஸ் இருக்கு. நூல் பத்தித் தெரியணும்னா எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க. அவர் தையல்காரர். கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி.”

வண்டியை எடுத்தேன். எங்கள் வண்டியில் பின்பக்க இடது கதவு திறக்காது, ஹாரன் அடித்தால் நிற்காது. மற்றபடி நல்ல வண்டி.

“கான்ட்ராக்டர்தான் அண்ணி,” என்றேன். “கேஸ் முடிஞ்சுது. மரம் வெட்டினா அவனுக்கு வேலை. ராத்திரியோட ராத்திரியா நூலைக் கட்டி டீச்சரை மாட்டி விட்டுட்டான். வாங்க, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.”

“நூல் என்ன கலர்?”

“பழுப்பு.”

“கிளை?”

“அதுவும் பழுப்பு.”

“மாட்டி விடணும்னு நினைக்கிறவன் எந்தக் கலர்ல கட்டுவான்?”

யோசித்தேன். சிவப்பு. நல்ல பளிச்சென்ற சிவப்பு. அடுத்த நாளே எல்லார் கண்ணிலும் பட வேண்டுமே. கான்ட்ராக்டர் என் கையை விட்டு நழுவிப் போனார். பசி மட்டும் இருந்தது.

தையல் கடை ஒரு ரயில் பெட்டி அகலம். வெட்டும் மேசை மேல் சீருடைத் துணி மலை, சுவர் முழுக்க நூல்கண்டு. பழுப்பில் மட்டும் எட்டு வகை இருந்தன, நான் எண்ணினேன். கழுத்தில் அளவு டேப், ஒரு முழங்காலில் பட்டை, மெலிந்த முகம், மெதுவான பேச்சு. அதுதான் டீச்சரின் வீட்டுக்காரர்.

“வாங்க மேடம், அவ ஃபோன்ல சொன்னா,” என்றார். “உட்காருங்க. தம்பி, கையைக் குடுங்க.”

“ஜோசியமா?”

“பட்டன்.”

என் வலதுகைப் பட்டன் ஒற்றை இழையில் ஊசலாடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பத்து நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவர் பத்து நொடி பார்த்தார். வேண்டாம் என்று சொல்வதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்து, சட்டைப் பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, தைக்கவே ஆரம்பித்துவிட்டார். பேச்சு பாட்டுக்குப் பேச்சு, கை பாட்டுக்குக் கை.

“இந்த நூல் எந்த மாதிரி நூல்?” அண்ணி தாளை நீட்டினார்.

“அம்பதாம் நம்பர் பாலியெஸ்டர் மேடம். எல்லாக் கடையிலயும் கிடைக்கும்.”

“யார் வேணும்னாலும் கட்டியிருக்கலாம்?”

“யார் வேணும்னாலும்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். என் பட்டன் இனி என் காலத்துக்கும் விழாது என்கிற உறுதியோடு நின்றது.

அண்ணி அப்போது பார்த்த பார்வை எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் நான் இரண்டாவது பந்தியிலும் உட்கார்ந்தபோது பார்த்த அதே பார்வை. ஆனால் கேட்டது வேறு. “உங்க இஸ்திரிப் பெட்டி ஆவி விடுமா?” என்றார்.

“விடும் மேடம்.”

“இந்த இலையை விரிக்கணும்.”

தையல்காரர் தயங்கினார். பிறகு பெட்டியை எடுத்து, காய்ந்த பட்டை மேல் ஈரத் துணி போட்டு, ஆவியை மட்டும் மூன்று தடவை காட்டினார். சட்டைக் காலரைக்கூட யாரும் அத்தனை பதமாக இஸ்திரி போட்டு நான் பார்த்ததில்லை. துணியை எடுத்தோம். நொறுங்கிக் கிடந்தது மெத்தென்று ஆகிவிட்டது. அண்ணி ஊசி முனையால் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். முக்கோணமாக ஒரு நுனி வந்தது. திருப்பினார். அடியில் பஞ்சு மாதிரி வெள்ளை ரோமம்.

“அண்ணி! பூனைக்காது!”

“கத்தாதே. தெரியுது.”

“அப்போ தபால்ல வந்தது இல்ல! இந்த மரம் அந்தக் குழியிலதானே இருக்கு. கூடு அங்கயே உண்டானது! டீச்சர் சொன்னது நிஜம்!”

“நிஜம்னா அங்கயே இருக்கிற கூட்டை எதுக்கு ஒருத்தர் எடுத்து, பக்கத்து மரத்துல நூலால கட்டணும்?”

நல்ல கேள்வி. நான் தையல்காரரைப் பார்த்தேன். அவர் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அண்ணியின் ஃபோன் அடித்தது. டீச்சரின் குரல் மேசை வரைக்கும் கேட்டது.

“மேடம், குழு மூணரைக்கே வருதாம்! நான் கிளம்பிட்டேன். தலைவர் வர்றாங்கன்னு குழியைச் சுத்தம் பண்றாங்க. சருகெல்லாம் கூட்டிக் குவிச்சாச்சு, கொளுத்தப் போறாங்க. மரத்துல சூடு படுமே, மீதி ரெண்டு கூடு அங்க தொங்குதே!”

டம்மென்று சத்தம். தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே போட்டிருந்தார்.

“கொளுத்தறாங்களா?” என்றார். முகம் வெளுத்துவிட்டது. “கீழ கிடக்கறதையா?”

அண்ணி எழுந்தார். “கத்தரிக்கோலை எடுத்துக்குங்க. டேப்பையும். நீங்களும் எங்ககூட வர்றீங்க.”

அவரை வலது கதவு வழியாகத் திணித்தோம். வழி முழுக்க அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். நான் இரண்டு சிக்னலைப் பற்றி இங்கே எதுவும் எழுதப் போவதில்லை. ஹாரனை ஒரே தடவைதான் அடித்தேன், அது ஓட்டு ஆலை வாசல் வரைக்கும் அடித்தது.

“தம்பி, ஓடு!” என்றார் அண்ணி. “அந்தக் குவியல் எரியக் கூடாது. என்ன வேணா பண்ணு.”

குழிக்கு நடுவே என் மார்பு உயரத்துக்குச் சருகுக் குவியல். பக்கத்தில் ஒரு துப்புரவுப் பணியாளர் அக்கா, கையில் தீப்பெட்டி. குச்சி ஏற்கனவே பெட்டியில் உரசும் நிலையில் இருந்தது. என்ன சொல்வது என்று யோசிக்க நேரமில்லை. ஓடிப்போய்க் குவியல் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

“ஏய், யாருப்பா நீ? எந்திரி. எனக்கு இன்னும் ரெண்டு தெரு இருக்கு.”

“கொஞ்சம் பொறுங்க அக்கா.”

“பைத்தியமா?”

“உதவியாளர்.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று முடிவு செய்து, தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மூன்றரைக்குக் குழு வந்தது. குடையோடு நகராட்சித் தலைவர் அம்மாள், கறுப்புக் கண்ணாடியோடு கான்ட்ராக்டர், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்க அந்த வெளியூர் நிபுணர். ஓட்டமும் நடையுமாக டீச்சர். வந்தவர் முதலில் பார்த்தது தன் வீட்டுக்காரரை.

“நீங்க எங்க இங்க?”

அவர் கழுத்து டேப்பைச் சரிசெய்துகொண்டார்.

“அது யார் குப்பை மேல?” என்றார் தலைவர்.

“என் கொழுந்தன் மேடம். அவனுக்கு அங்கதான் வசதி,” என்றார் அண்ணி. “நூல் கட்டினது யார்னு உங்களுக்குத் தெரியணும். எனக்கும் தெரியணும். அஞ்சு நிமிஷம் குடுங்க.”

தூங்குமூஞ்சி மரத்தடிக்கு எல்லாரையும் கூட்டிப் போனார். நான் குவியலில் இருந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தேன். மீதி இரண்டு கூடுகள் கிளையில் ஆடிக்கொண்டிருந்தன. அண்ணி டேப்பைப் பிடித்து அளந்தார்.

“தரையில இருந்து நாலடி எட்டங்குலம். மூணும் ஒரே உயரம். மத்தவங்களை ஏமாத்தணும்னா ஏணி போட்டு உச்சியில கட்டியிருக்கலாம். கட்டினவரால ஏற முடியாது. ஒருவேளை முட்டி வலி. அடுத்தது நூல். கிளை என்ன நிறமோ அதே நிறம். மறைக்கறதுக்குன்னு சொல்லுவீங்க. ஆனா டீச்சர் மறைச்சுக் கட்டணும்னா ஆய்வுக்கூடத்துல கிடக்கிற ஏதோ ஒரு கயித்தை எடுத்திருப்பாங்க. எட்டுப் பழுப்புல சரியான பழுப்பைத் தேடி எடுத்திருக்கார் ஒருத்தர். அவருக்கு மேட்சிங் இல்லன்னா தூக்கம் வராது. மூணாவது... தம்பி, கையை நீட்டு.”

நீட்டினேன். அண்ணி வந்து, கத்தரிக்கோலால் என் கைப்பட்டனை நூலோடு கச்சென்று வெட்டினார்.

“அண்ணி! இப்பத்தான் தைச்சார்!”

“அதனாலதான்.” பட்டனையும், சோப்பு டப்பாவிலிருந்து அந்தக் கூட்டின் காம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிபுணரிடம் நீட்டினார். “உங்க கண்ணாடி வழியா பாருங்க சார். கழுத்தைச் சுத்தி மூணு சுத்து, முடிச்சு வெளிய தெரியாம உள்ள போகுது. இது கட்டு இல்ல. பட்டன் தையல்.”

நிபுணர் பார்த்தார். பார்த்துவிட்டு, டேப்புக்குச் சொந்தக்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

டீச்சருக்கு விளங்க ஒரு கணம் ஆனது. “நீங்களா?” என்றார். குரல் எழும்பவே இல்லை.

கான்ட்ராக்டர் கைகொட்டிச் சிரித்தார். “அப்படிப் போடு! நேத்து அம்மா மட்டும்னு நினைச்சோம், குடும்பமே கூட்டு! எழுதிக்குங்க தலைவர், மோசடின்னு எழுதிக்குங்க.”

தலைவர் பேனாவைத் திறந்தார். எனக்கோ, எங்களுக்குக் கேஸ் கொடுத்த டீச்சரை அண்ணியே பிடித்துக் கொடுத்துவிட்டாரே என்று இருந்தது.

“ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கு,” என்றார் அண்ணி. தையல்காரர் பக்கம் திரும்பினார். “எங்க வாங்கினீங்க?”

“வாங்கல மேடம்.” அவர் தரையைப் பார்த்துத்தான் பேசினார். “இங்கதான் கிடந்துச்சு. கீழ. அவ ஏணி மேல நின்னு தேடிட்டிருந்தா. எனக்கு முட்டி வலிச்சுது, கொஞ்சம் உட்காந்தேன். சருகுக்குள்ள கை வெச்சா மூணு. மேல இருந்து விழுந்துடுச்சு போலன்னு நினைச்சேன். யாராவது மிதிச்சா செத்துடுமே. பையில போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், தோதா நூல் எடுத்து, விடியறதுக்குள்ள வந்து கட்டிட்டேன். எனக்கு... அறுந்து கிடக்கிறதைப் பாத்தா கை சும்மா இருக்காது. அந்த உசர மரத்துல ஏற முடியல, இதுல கட்டினேன்.”

“ஏன் என்கிட்டச் சொல்லல?” என்றார் டீச்சர்.

“சாயங்காலம் வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ காலையிலயே பாத்துட்ட. எனக்கு ஃபோன் பண்ணி, ‘கிடைச்சுடுச்சு, கிடைச்சுடுச்சு’ன்னு அழுத. உன் குரலை அப்படி ஒரு சந்தோஷத்துல நான் கேட்டதே இல்ல. அப்புறம் எப்படிச் சொல்லுவேன்? நேத்து இவர் நூலைக் காட்டினப்ப, நான் வாயைத் திறந்தா உன்னைத்தான் இன்னும் மாட்டி விடுவேன்னு பயந்துட்டேன்.”

நான் மூக்கை உறிஞ்சினேன். சருகுத் தூசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“கதை நல்லாருக்கு,” என்றார் நிபுணர். “ஆனா இந்தப் பூச்சியை நான் நாலு நாட்டுல பாத்திருக்கேன். காம்பைக் கிளையோட சேத்துக் கட்டிக்கிட்டுத் தொங்கும். தரைக்கு வரவே வராது.”

அண்ணி இஸ்திரி போட்ட இலையை அவர் உள்ளங்கையில் வைத்தார். “என்ன இலை சார்?”

அவர் திருப்பிப் பார்த்தார். ரோமத்தைத் தடவினார். சுற்றி நின்ற மரங்களைப் பார்த்தார்.

“நீங்க பாத்த நாலு நாட்டுல அது குடியிருந்த மரம் வருஷம் பூரா பச்சையா நிக்குமா?”

“ஆமா...”

“இங்க மேல பாருங்க.”

எல்லாரும் அண்ணாந்தார்கள். பதினாலு பூனைக்காது மரங்களும் வறண்ட மாதத்தில் மொட்டையாக நின்றன. ஒன்றில்கூட இலை இல்லை.

“மொத்த இலையும் உதிர்ற மரத்துல கிளையில என்ன வேலை அதுக்கு? இலையோட சேந்து கீழ வந்துடுது. மூணு மாசமா டீச்சர் மேல தேடினாங்க, நேத்து நீங்களும் மேல தேடினீங்க. முட்டி வலியால கீழ உட்காந்த ஒருத்தருக்குத்தான் கிடைச்சுது.” அண்ணி என் பக்கம் திரும்பினார். “தம்பி, எந்திரி. சாட்சி மேல உட்காந்திருக்க.”

நான் எழுந்த வேகத்தில் தீப்பெட்டி அக்காவே ஒதுங்கினார். எழுந்து என்ன, எத்தனை பேரை நசுக்கினேனோ என்று எனக்குக் கால் கூசியது.

நிபுணர் குவியல் பக்கத்தில் மண்டியிட்டார். மடிப்புக் கலையாத அவருடைய கால்சட்டை ஈரக் களிமண்ணில் பதிந்தது, அவர் கவனிக்கவில்லை. இரண்டு கையாலும் சருகை விலக்கினார். ஒரு பிடி, இரண்டு பிடி. மூன்றாவது பிடியில் நிறுத்தினார். விரல் நடுவே கட்டைவிரல் நீளத்தில் ஒரு பழுப்புப் பொட்டலம். காதருகே வைத்து மெல்ல ஆட்டினார். உள்ளே ஏதோ புரண்டு படுக்கிற சத்தம் எனக்கும் கேட்டது.

அதில் நூல் இல்லை.

அப்புறம் டீச்சர் மண்டியிட்டார். தலைவர் அம்மாள் குடையைக் கான்ட்ராக்டர் கையில் கொடுத்துவிட்டு மண்டியிட்டார். கால் மணி நேரத்தில் பத்தொன்பது எடுத்தார்கள். என் பாரத்தில் ஒன்றும் சாகவில்லை என்று நிபுணர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

“இதுவா?” என்றார் துப்புரவு அக்கா, எட்டிப் பார்த்து. “போன வருஷம் வாசல் பக்கம் கூட்டினப்ப இது மாதிரி கூடை கூடையா இருந்துச்சே. கொளுத்திட்டோமே.” சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

தலைவர் களிமண் கையோடு பேனாவை மூடினார். “மரம் வெட்டுறது நிக்கட்டும். சருகு கூட்டுறதும் நிக்கட்டும். ஸ்கூலுக்கு நானே ஃபோன் பண்றேன்.” கான்ட்ராக்டர் அந்தக் குடையை யார் தலைக்குப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார்.

நிபுணர் எழுந்து டீச்சருக்கு எதிரே வந்தார். “நேத்து நாடக சாமான்னு சொன்னேன். தப்பு என்னோடது. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்.” பையிலிருந்து தபால்தலை அளவுக்கு ஒரு வெள்ளை அட்டையை எடுத்தார். “ஒவ்வொரு கூட்டோடவும் ஒரு சீட்டு வைப்போம். காலத்துக்கும் இருக்கும். உங்க கையாலயே எழுதுங்க.”

டீச்சர் சோப்பு டப்பாவை மேசையாக வைத்துக்கொண்டு எழுதினார். தேதி. மரம். இருப்பிடம் என்கிற இடத்தில் ‘தரையில், சருகுக்குள்’. கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது. கண்டெடுத்தவர்.

அந்த வரிக்காக அவர் மூன்று மாதம் ஏணி ஏறியிருக்கிறார். அவர் மனசில் என்ன ஓடியது என்று துப்பறிய எனக்கு விருப்பமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுதி, அட்டையைத் தன் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

அவர் படித்தார். “என் பேரா? நான் சும்மா பட்டன் தைக்கிறவன்...”

“அதையும் எழுதியிருக்கேன், பாருங்க. பார்த்ததைத்தானே எழுத முடியும்?” என்றார் டீச்சர். குரல் கொஞ்சம் கரகரத்தது. “ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். இனிமே எதை எடுத்துத் தைக்கிறதா இருந்தாலும், முதல்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தைங்க.”

அவர் தலையாட்டினார். அட்டையைப் பத்திரமாக நிபுணரிடம் கொடுத்தார். திரும்பினார். அப்போது அவர் கண் என் சட்டைக் கையில் வந்து நின்றது. பட்டன் இருந்த இடத்தில் இரண்டு இழை நூல் பிசிராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் விரல் தானாகப் பையிலிருந்த ஊசிக்குப் போனது. பாதி வழியில் நின்றது. டீச்சரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி,” என்றார், “தைக்கட்டுமா?”